டவுன் சிண்ட்ரோம் உள்ளவருக்கு நாற்பது வயதாகும்போது

டவுன் சிண்ட்ரோம் என்று தமிழில் தேடிப் பார்த்தால் கிடைப்பதெல்லாம் கர்ப்பகால ஸ்கேன், கைக்குழந்தை, சிறப்புப் பள்ளி. படங்களிலும் சிரிக்கிற சின்னப் பிள்ளைகள்தான். அந்தப் பிள்ளைகளுக்கு மீசை முளைக்கும், தலை நரைக்கும், முழங்கால் வலிக்கும். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு.

அதற்குக் காரணமும் உண்டு. முன்பெல்லாம் இவர்களில் பலர் அந்த வயதைத் தொட்டதே இல்லை. அமெரிக்காவில் 1983 வாக்கில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவரின் சராசரி ஆயுள் சுமார் 25 வருடம். இன்று சுமார் 60. இது ஏதோ புது மருந்து வந்து நடந்த மாற்றம் இல்லை. இந்தக் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். அதற்கு மற்றக் குழந்தைகளுக்குச் செய்வதுபோல அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார்கள். பெரிய விடுதிகளில் கொண்டுபோய்த் தள்ளுவதை நிறுத்தி, வீட்டில் வைத்து வளர்த்தார்கள். நெஞ்சுச்சளிக்கும் காய்ச்சலுக்கும் ஒழுங்காக வைத்தியம் பார்த்தார்கள். ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது.

ஆக, "இந்தக் குழந்தை பிழைக்குமா" என்று கேட்ட வீடுகளில் இப்போது கேள்வி வேறு. மகனுக்கு நாற்பத்திரண்டு, அம்மாவுக்கு எழுபது. இருவருக்கும் ஒரே சமயத்தில் வயதாகிறது. அந்த நாற்பத்திரண்டு வயதுக்காரரின் வாழ்க்கை எப்படி இருக்கும், அவருக்கு என்னென்ன தேவை என்பதைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்காக இந்தக் கட்டுரை.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் உடலின் உயிரணுக்களில், மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் 23 ஜோடியாக 46 இருக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1866-இல் இந்த நிலையை விவரித்து எழுதினார். காரணம் கூடுதல் குரோமோசோம்தான் என்று 1959-இல் பிரான்சில் கண்டறிந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இந்த நேரடி வகைதான். மிச்சப் பேரில் சிலருக்குக் கூடுதல் துண்டு வேறொரு குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னும் சிலருக்கு உடலின் ஒரு பகுதி அணுக்களில் மட்டும் அது இருக்கும். ஒட்டிக்கொண்ட வகை மட்டும் சில குடும்பங்களில் பெற்றோர் வழியாக வரலாம். மற்றபடி, கரு உருவாகும் கட்டத்தில் தற்செயலாக நடப்பது இது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடும். கிரகணத்தில் வெளியே போனதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அத்தை மகனைக் கட்டிக்கொண்டதால் வந்தது என்று ஊர் சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இது நோய் இல்லை. குணமாக்க எதுவும் இல்லை. "மூளை வளர்ச்சிக்கு மருந்து" என்று யாராவது பாட்டிலை நீட்டினால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுக்கும் புரிதலுக்கும் நடுவே

வயதுவந்தவர்களிடம் பெரும்பாலும் லேசான அல்லது நடுத்தர அளவு அறிவுசார் குறைபாடு இருக்கும். ஆனால் அது எல்லாத் திறன்களிலும் ஒரே அளவாக இருக்காது. இவர்களுக்குக் காதால் கேட்டதை நினைவில் வைப்பதைவிடக் கண்ணால் பார்த்ததை நினைவில் வைப்பது எளிது. வாயால் சொல்ல முடிவதைவிட மனதுக்குள் புரிந்துகொள்வது அதிகம். ஆளுக்கு ஆள் வித்தியாசம் மலையளவு. தனியாக பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர் உண்டு. சவரம் செய்துகொள்ள உதவி தேவைப்படுகிறவரும் உண்டு. "இவங்க எல்லாருமே இப்படித்தான்" என்று யாராவது ஆரம்பித்தால் அடுத்த வாக்கியத்தை நான் நம்புவதில்லை. "எப்பவும் சந்தோஷமா இருப்பாங்க" என்பதும் அதில் சேர்த்தி. கோபம், பொறாமை, காதல், சலிப்பு எல்லாம் இவர்களுக்கும் உண்டு.

புரிதலுக்கும் பேச்சுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் இவர்களுடைய அன்றாட அவமானங்களில் பாதி நடக்கிறது. சென்னையில் ஒரு சைவ ஓட்டலில் பார்த்தது: பக்கத்து மேசையில் ஓர் அம்மா, எதிரே முப்பது வயது தாண்டிய மகன். சர்வர் வந்து, "அம்மா, தம்பிக்கு என்ன கொண்டுவரட்டும்?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் மகனைப் பார்த்தார். அவர் மெனு அட்டையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. சர்வர் கால் மாற்றி நின்றார், அடுத்த மேசையைத் திரும்பிப் பார்த்தார். "ரவா," என்றார் மகன். கொஞ்சம் இடைவெளி. "ஆனியன். முறுகலா." எழுதிக்கொண்டு கிளம்பப் போனவரை நிறுத்தி, "காரச் சட்னி ரெண்டு" என்றார். அந்த அம்மா செய்ததெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்தது மட்டும்தான். அதற்கு எத்தனை வருடப் பழக்கம் வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இவர்களோடு புதிதாகப் பழகுகிறவர் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும்: கேள்வியை அவரிடமே கேளுங்கள், கேட்டபின் காத்திருங்கள். பதில் வர நேரம் ஆகும். நடுவில் அதே கேள்வியை வேறு மாதிரி திரும்பக் கேட்டால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நாற்பது வயதுக்காரரைக் கன்னத்தைக் கிள்ளி, "செல்லக்குட்டி" என்று கொஞ்சவும் வேண்டாம். பெயரைச் சொல்லலாம், வயதுக்கேற்ப அண்ணா, அக்கா, சித்தப்பா என்று உறவுமுறை வைத்துக் கூப்பிடலாம்.

இன்னும் இரண்டு பழக்கங்களைச் சொல்ல வேண்டும். குடும்பத்தார் பார்த்துப் பயப்படுவதும், சில டாக்டர்கள் அவசரப்பட்டு மாத்திரை எழுதுவதும் இவற்றுக்குத்தான். முதலாவது, தனக்குத்தானே பேசிக்கொள்வது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களுக்கென்றே 1992-இல் ஒரு மருத்துவ மையம் தொடங்கினார்கள். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் சத்தமாகத் தமக்குத்தாமே பேசிக்கொள்வதைக் கவனித்தார்கள். அன்று நடந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது, நாளைக்குச் செய்ய வேண்டியதை ஒத்திகை பார்ப்பது, திட்டியவரைத் தனியறையில் திருப்பித் திட்டுவது எல்லாம் அதில் அடங்கும். நாம் மனதுக்குள் செய்வதை அவர்கள் வாய்விட்டுச் செய்கிறார்கள். இதை மனநோய் என்று எடுத்துக்கொண்டு மருந்து கொடுப்பது அநியாயம். திடீரென்று அந்தப் பேச்சின் அளவோ தொனியோ மாறினால்தான் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒழுங்கு. துண்டு இந்தக் கொடியில்தான், டம்ளர் இந்த இடத்தில்தான், ஏழு மணிக்குக் குளியல் என்றால் ஏழுக்குத்தான். நாள் முழுக்க யாரும் நினைவுபடுத்தாமல் தன் வேலையைத் தானே செய்துகொள்ள இந்தக் கட்டுப்பாடு பெரிய உதவி. ஆனால் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இதுவே பெரிய சண்டையாகும். முதல் நாளே சொல்லிவைப்பதும், படமாகவோ காலண்டரில் குறித்தோ காட்டுவதும் பெரும்பாலும் வேலை செய்யும்.

ஜூடித்தின் காது

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1943-இல் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தார்கள். ஜூடித் ஸ்காட், ஜாய்ஸ் ஸ்காட். ஜூடித்துக்கு டவுன் சிண்ட்ரோம். ஏழு வயதில் அவரைக் குடும்பத்திலிருந்து பிரித்து அரசு விடுதியில் சேர்த்தார்கள். அங்கே அவரைச் சோதித்தவர்கள், இந்தக் குழந்தைக்கு எதையும் கற்றுக்கொடுக்க முடியாது என்று எழுதிவைத்தார்கள். பேசவில்லை, கேள்விக்குப் பதில் இல்லை, வேறென்ன எழுதுவார்கள்? அவருக்குக் காது கேட்காது என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கேட்காத கேள்விகளுக்குப் பதில் சொல்லாததால் முப்பத்தைந்து வருடம் விடுதியில் கழிந்தது.

1980-களின் நடுவில் ஜாய்ஸ் சட்டப்படி பாதுகாவலர் ஆகி, அக்கா தங்கை இருவரும் கலிபோர்னியாவில் சேர்ந்தார்கள். 1987-இல் ஓக்லாந்து நகரில் மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கான ஒரு கலைக்கூடத்தில் ஜூடித்தைச் சேர்த்தார் ஜாய்ஸ். முதலில் நெடுநாள் அவருக்கு எதிலும் ஆர்வமில்லை. வண்ணம் கொடுத்தால் கிறுக்குவார், அவ்வளவுதான். பிறகு நூலை வைத்து வேலை செய்கிற ஒருவர் நடத்திய வகுப்பில் உட்கார்ந்தபோது, கையில் கிடைத்த பொருளை நூலால் சுற்றத் தொடங்கினார். யாரும் சொல்லிக்கொடுத்த வடிவம் இல்லை. ஏதாவது ஒரு பொருளை நடுவில் வைத்து, அது முழுக்க மறையும்வரை வாரக்கணக்கில் நூலும் துணியும் சுற்றிப் பெரிய சிற்பங்களாக்கினார். 2005-இல் 61 வயதில் இறக்கும்வரை அதைச் செய்தார். நியூயார்க் புரூக்ளின் அருங்காட்சியகம் 2014-இல் அவருக்கெனத் தனிக் கண்காட்சி வைத்தது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "பார்த்தீர்களா, எல்லோருக்குள்ளும் ஒரு திறமை" என்று முடிப்பார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் காது. என்ன மாற்றம் தெரிந்தாலும், "அது டவுன் சிண்ட்ரோம்தான், அப்படித்தான் இருப்பாங்க" என்று சொல்லிக் கடந்துபோகிற பழக்கம் மருத்துவர்களிடமும் இருக்கிறது, வீட்டாரிடமும் இருக்கிறது. பெரியவர்களின் உடல்நலத்தில் நடக்கிற தவறுகளில் பெரும்பங்கு இந்த ஒரு வாக்கியத்தால்தான்.

உடம்பு: எதை எப்போது பார்க்க வேண்டும்

குழந்தையாக இருந்தபோது குழந்தை மருத்துவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். பதினெட்டு தாண்டியதும் யாரிடம் போவது என்றே தெரியாது. நம் ஊரில் இதற்கென்று தனி டாக்டர் கிடைப்பது அரிது. பொறுமையான ஒரு பொது மருத்துவரைப் பிடித்து, வருடம் ஒருமுறை ஒன்றும் இல்லாதபோதே காட்டிவிட்டு வருவதுதான் வழி. வயதுவந்தவர்களுக்கான மருத்துவ வழிகாட்டுதல்கள் 2020-இல் ஆய்வு ஆதாரங்களோடு முதல்முறையாகத் தொகுக்கப்பட்டன. அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

முதலில் தைராய்டு. இவர்களில் தைராய்டு சுரப்பு குறைவது மிகச் சாதாரணம். 21 வயதிலிருந்து ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். தைராய்டு குறைந்தால் ஆள் மந்தமாவார், எடை கூடும், பேச்சு குறையும். வீட்டில் "சோம்பேறி ஆயிட்டான்" என்பார்கள். தினம் ஒரு சின்ன மாத்திரையில் சரியாகிற விஷயம்.

அடுத்து தூக்கம். முகத்தின் நடுப்பகுதி சிறியது, மூச்சுப் பாதை குறுகல், தசைகளும் தளர்வானவை. அதனால் தூக்கத்தில் மூச்சு தடைபடுவது இவர்களில் பாதிப் பேருக்கு மேல் உண்டு. பலத்த குறட்டை, நடுநடுவே மூச்சு நின்று திணறுவது, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுவது எல்லாம் அடையாளங்கள். சிலர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்னால் மடிந்து தலையைக் கட்டிலில் வைத்தே தூங்குவார்கள். குடும்பத்தார் அதை வேடிக்கையான பழக்கம் என்று போட்டோ எடுத்துவைத்திருப்பார்கள். உண்மையில் மூச்சு விட வசதியாக உடம்பு தானே கண்டுபிடித்த நிலை அது. தூக்கப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் மூச்சுப் பாதை அடைபடாமல் காற்றைச் செலுத்தும் சி-பாப் கருவி வைக்கலாம். இதைக் கவனிக்காமல் விட்டால் எரிச்சல், மறதி, இதயத்துக்குச் சுமை என்று வரிசையாக வரும்.

காதும் கண்ணும் தவறாமல் பார்க்கப்பட வேண்டும். காதுத் துவாரம் சிறியது. அழுக்கு அடைத்தாலே பாதி கேட்காது. கண்புரை மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும். எடை ஒரு தொல்லை. சர்க்கரையை 30 வயதிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்கச் சொல்கிறார்கள். ஈறுநோய் அதிகம். பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது மற்றவர்களைவிடச் சில வருடம் முந்தி நடக்கும்.

கழுத்து எலும்பின் மேல் இரண்டு கணுக்கள் சிலருக்குத் தளர்ந்திருக்கும். எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்துவைக்க வேண்டியதில்லை. ஆனால் நடை மாறினாலோ, கை பலவீனமானாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உடனே காட்ட வேண்டும். எந்த அறுவை சிகிச்சைக்கு முன்பும் மயக்க மருந்து தருகிற டாக்டரிடம், "கழுத்தைப் பார்த்துத் திருப்புங்கள்" என்று சொல்லிவிடுவது நல்லது.

நல்ல செய்தியும் இருக்கிறது. ரத்த அழுத்தம் இவர்களுக்குப் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். மார்பகப் புற்று போன்ற கட்டி வகைப் புற்றுநோய்கள் மற்றவர்களைவிட அரிது. ஆனால் வலியைச் சொல்வதும் குறைவு. பல்வலி சாப்பாட்டைத் தள்ளிவைப்பதாக வெளிப்படும், வயிற்றுவலி கோபமாக வெளிப்படும்.

பதின்ம வயதிலும் இருபதுகளிலும் சிலருக்குச் சில வாரங்களிலேயே பேச்சு நின்று, சாப்பாடு குறைந்து, ஆள் ஒடுங்கிப்போவது உண்டு. அதையும் "அப்படித்தான்" என்று விடக்கூடாது. மருத்துவர்களுக்குத் தெரிந்த, சிகிச்சை பலன் தரக்கூடிய நிலை அது. நரம்பியல் மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

நாற்பதுக்கு மேல் வரும் மறதி

இந்தப் பகுதியை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் மறைக்க முடியாது. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம், ஏ.பி.பி. என்ற மரபணு உருவாக்கும் புரதத்திலிருந்து வருகிறது. அந்த மரபணு இருப்பது 21-ஆவது குரோமோசோமில். குரோமோசோம் மூன்று என்றால் அந்த மரபணுவும் மூன்று. வாழ்நாள் முழுக்கப் படிவு அதிகம். 40 வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லோருடைய மூளையிலும் அந்த மாற்றம் தெரியும். வெளியே அறிகுறி தெரிவது பெரும்பாலும் ஐம்பதுகளில். வாழ்நாளில் அல்சைமர் வரும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கும் மேல்.

இதில் அதிகம் பேசப்படாத இன்னொரு செய்தி உண்டு. 1984-இல் கிளென்னர், வோங் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், அல்சைமர் நோயாளிகளிடம் கண்ட அதே புரதத்தை டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் மூளையிலும் கண்டார்கள். காரணமான மரபணு 21-ஆவது குரோமோசோமில்தான் இருக்க வேண்டும் என்று கணித்தார்கள். 1987-இல் அது அங்கேயே கண்டுபிடிக்கப்பட்டது. உலகம் முழுக்க நடக்கும் அல்சைமர் ஆராய்ச்சியின் அடித்தளத்தில் இவர்களுடைய பங்கு அவ்வளவு பெரியது.

மறதி என்றால் பெயரை மறப்பது என்று நாம் நினைக்கிறோம். இவர்களிடம் முதலில் மாறுவது பல சமயம் குணம்தான். சுறுசுறுப்பாக இருந்தவர் ஒதுங்குவார், பிடிவாதம் கூடும், படி இறங்கத் தயங்குவார். இருபது வருடமாகத் துணி மடித்தவருக்கு மடிக்கிற வரிசை தவறும். நாற்பது, ஐம்பது வயதில் முதல்முறையாக வலிப்பு வந்தால் அதுவும் ஓர் அடையாளமாக இருக்கலாம்.

40 வயதிலிருந்து வருடம் ஒருமுறை இதைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். அதற்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பது தெரிந்தால்தான் மாற்றம் தெரியும். முப்பத்தைந்து வயதிலேயே போனில் வீடியோ எடுத்துவைத்துவிடுங்கள்: சட்டைப் பொத்தான் போடுவது, டீ கலப்பது, வீட்டு விலாசம் சொல்வது, அத்தை பிள்ளைகளின் பெயர் சொல்வது. ஐந்து வருடம் கழித்து நரம்பியல் மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

40 வயதுக்கு முன் இப்படி மாற்றம் வந்தால் அல்சைமர் என்று முடிவு கட்ட வேண்டாம். அதற்குப் பிறகும் முதலில் மற்றதைப் பார்க்க வேண்டும்: தைராய்டு, வைட்டமின் பி12, காது, கண்புரை, தூக்கத்தில் மூச்சுத்தடை, மனச்சோர்வு. இவை ஒவ்வொன்றும் மறதிநோய்போல வேடம் போடும், ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் உண்டு.

இன்னொன்றும் அதே வேடம் போடும்: துக்கம். அப்பா இறந்தால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? "அவனுக்குப் புரியாது" என்று பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டுக் காரியத்தை முடிக்கிறோம். "அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்கிறோம். எல்லாம் அடங்கி, வந்தவர்கள் போன பிறகு, ஐந்தாறு மாதம் கழித்து அவர் சாப்பிட மறுக்கிறார், இரவில் வாசலில் போய் நிற்கிறார். துக்கம் தாமதமாக வெளிப்படுவது இவர்களிடம் தெரிந்த விஷயம். உண்மையை எளிய சொற்களில் சொல்லி, உடலைப் பார்க்க விட்டு, சடங்கில் ஒரு வேலை கொடுத்துச் சேர்த்துக்கொள்வதே மேல்.

வேலை, சம்பளம், பொழுது

சிறப்புப் பள்ளியிலிருந்து பதினெட்டு வயதில் வெளியே வந்தவுடன் பலருக்கு வாழ்க்கை வீட்டு சோபாவில் முடிந்துவிடுகிறது. காலையில் டிவி, மதியம் தூக்கம், மாலையில் மொபைல். எடை கூடுவதும் மனம் சோர்வதும் அங்கேதான் ஆரம்பம். தொழிற்பயிற்சி மையம் பக்கத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். காகிதப் பை, மெழுகுவர்த்தி, அச்சு வேலை, மசாலா பாக்கெட் போடுவது என்று பல மையங்களில் வேலை நடக்கிறது. சென்னை அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. எங்கே பயிற்சி கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்க நல்ல இடம். சென்னையை மையமாகக் கொண்டு இந்திய டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பும் இயங்குகிறது. ஒரு தாய் தொடங்கிய அமைப்பு அது.

வெளி வேலையும் கிடைக்காமல் இல்லை. லெமன் ட்ரீ ஓட்டல்கள் இவர்களை வேலைக்கு எடுத்திருக்கின்றன. மிட்டி கஃபே என்ற காபிக்கடைத் தொடரை மாற்றுத்திறனாளிகளே நடத்துகிறார்கள். ஒரே மாதிரி, ஒழுங்காக, வரிசை மாறாமல் செய்ய வேண்டிய வேலையில் இவர்களை மிஞ்சுவது கடினம். மேலே சொன்ன ஒழுங்குப் பிடிவாதம் இங்கே சம்பளம் வாங்கித் தரும்.

ஸ்பெயினில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பாப்லோ பினேடா பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார், நடிகராகி 2009-இல் சான் செபாஸ்டியன் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதும் வாங்கினார். அதே நாட்டில் அதே நிலை உள்ள மார் கல்செரான் 2023-இல் வலென்சியா மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ள கிறிஸ் நிகிச் 2020-இல் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42 கிலோமீட்டர் ஓட்டம் என்று அயர்ன்மேன் பந்தயத்தை முடித்தார். இவர்களை நினைத்து மகிழலாம். அடுத்த வீட்டுக்காரரை இவர்களோடு ஒப்பிட்டு அளக்காதீர்கள். ஐ.ஏ.எஸ். ஆனவரைக் காட்டி நம்மை அளந்தபோது நமக்கு எப்படி இருந்தது?

சம்பளம் வந்தால் அதில் ஒரு பங்காவது அவர் கையில் இருக்கட்டும். எதற்குச் செலவழிக்கிறார் என்று பார்த்து, சிரித்துவிட்டு விடுங்கள்.

ஆசை, கல்யாணம்

உடல் ஆசையும் காதலும் எல்லோருக்கும் போலவே வரும். பெண்கள் கருத்தரிக்க முடியும். பிறக்கும் குழந்தைக்கும் டவுன் சிண்ட்ரோம் வர ஏறக்குறையப் பாதி வாய்ப்பு. ஆண்கள் தந்தையாவது மிக அரிது. வெளிநாடுகளில் திருமணம் செய்து வாழும் ஜோடிகள் உண்டு. "கல்யாணம் பண்ணினா சரியாயிடும்" என்று விஷயத்தை மறைத்துக் கட்டிவைப்பது வேறு. அது இரண்டு பேருக்கும் செய்யும் துரோகம்.

தொடுவதில் எது சரி, எது தவறு, வேண்டாம் என்றால் எப்படிச் சொல்வது, யாரிடம் வந்து சொல்வது என்பதைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. "இதெல்லாம் எதுக்கு இவளுக்கு" என்று விட்ட வீடுகளில்தான் தெரிந்தவர்களாலேயே கொடுமை நடக்கிறது. மாதவிடாய்த் தொல்லை என்று காரணம் சொல்லிக் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. அவருடைய சம்மதம் இல்லாமல், கருத்தரிக்க முடியாமல் செய்யும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு சொல்கிறது.

பதினெட்டுக்குப் பிறகு சட்டம்

பலருக்குத் தெரியாத செய்தி: மகனுக்குப் பதினெட்டு முடிந்ததும் சட்டப்படி பெற்றோர் தாமாகவே பாதுகாவலராகத் தொடர்வதில்லை. வங்கியிலோ சொத்து விஷயத்திலோ அவருக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை தானாக வராது. அதற்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் மனு கொடுத்துச் சட்டப் பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், குறிப்பிட்ட முடிவுகளுக்கு மட்டும், அவரையும் கலந்து முடிவெடுக்கும் வரம்புள்ள பாதுகாவலர் முறையைச் சொல்கிறது. சான்று கையில் இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டு தினம் அவருக்கு என்ன சட்டை என்பதைக்கூட நீங்களே முடிவு செய்ய வேண்டியதில்லை.

அவருக்கு வாக்குரிமையும் உண்டு. மனநலம் குன்றியவர் என்று நீதிமன்றம் அறிவித்தாலொழிய பட்டியலில் பெயர் சேர்க்க மறுக்க முடியாது. அடுத்த முறை முகாம் நடக்கும்போது அவர் பெயரையும் சேருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: மாற்றுத்திறனாளி சான்று, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டை. அறிவுசார் குறைபாட்டுக்குச் சிறுவயதில் வாங்கிய சான்றைப் பதினெட்டு வயதில் புதுப்பித்தால் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை என்பதால் தனியார் காப்பீடு மறுக்கப்பட்டவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அப்பாவோ அம்மாவோ அரசு ஊழியராக இருந்தால், அவர்களுக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் இவருக்கு ஆயுள் முழுக்கக் கிடைக்க வழி உண்டு. ஓய்வூதிய ஆவணத்தில் இவர் பெயரை உயிரோடு இருக்கும்போதே சேர்த்துவிட வேண்டும். பின்னால் அலைவது இவரால் முடியாது.

கடைசியாக, எல்லாப் பெற்றோரும் ராத்திரியில் நினைப்பது: எங்க காலத்துக்கு அப்புறம் யார்? நம் வீடுகளில் இதற்கு எழுதப்படாத விடை, "அண்ணன் பாத்துப்பான், தங்கச்சி பாத்துப்பா." அந்த அண்ணனிடம் யாரும் கேட்டதில்லை, கல்யாணம் பேசும்போது அண்ணியிடமும் சொன்னதில்லை. ஜாய்ஸ் தன் சகோதரியை அழைத்து வந்தார் என்றால், அவர் தானாக எடுத்த முடிவு அது. உடன்பிறந்தவர்களிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்: கூடவே வைத்துக்கொள்ள முடியுமா, பணத்தை மட்டும் பார்த்துக்கொள்ள முடியுமா, பக்கத்தில் ஓர் இல்லத்தில் சேர்த்து வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க முடியுமா? "என்னால முடியாது" என்ற பதிலும் இப்போதே தெரிந்தால் பிழைத்தோம்; இன்னும் பத்து வருடம் கையில் இருக்கிறது. இல்லம் என்று முடிவானால், பெற்றோர் இருக்கும்போதே ஒரு வாரம், பதினைந்து நாள் என்று தங்கிப் பழக வேண்டும். அம்மா இறந்த வாரமே வீடும் மாறினால் இரண்டு இழப்பு ஒன்றாக வரும்.

உயில் எழுதும்போது சொத்தை நேரே இவர் பெயரில் எழுதுவதா, ஒரு டிரஸ்ட் அமைப்பதா என்பதை வக்கீலிடம் கேட்டுச் செய்யுங்கள். அதோடு ஒரு நோட்டும் வேண்டும். அம்மாவின் தலைக்குள் மட்டும் இருக்கிற விவரங்களை அதில் எழுத வேண்டும்: மாத்திரைகளின் பெயரும் அளவும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பல் டாக்டர் யார், வலி என்றால் எப்படிக் காட்டுவார், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவார், கோபம் வந்தால் எவ்வளவு நேரம் தனியே விட வேண்டும், யு.டி.ஐ.டி. எண், பாதுகாவலர் சான்று எந்த பீரோவில், தினமும் எத்தனை மணிக்கு யாரோடு போனில் பேசுவார். எழுதும்போது அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்; உங்களுக்குத் தெரியாத இரண்டு விஷயமாவது சொல்வார். வருடா வருடம் தைராய்டு டெஸ்ட் எடுக்கிற மாதத்திலேயே அந்த நோட்டையும் ஒருமுறை திருத்திவிடுங்கள்.